உள்ளாடையுடன் இரண்டு பேர்

இந்த மாதம் புனைவையும் அபுனைவையும் மாற்றி மாற்றிப் படித்தேன். ஒரு நாவல் முடிந்தால் அடுத்தது நிஜத்தில் நடந்ததைச் சொல்லும் புத்தகமாக இருக்க வேண்டும், அது முடிந்ததும் மறுபடி கதைக்கு வரலாம் என்று ஓர் ஏற்பாடு. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரே வகையை அடுக்கடுக்காகப் படித்தால் எனக்கு வேகம் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் இப்படிப் படித்ததில், ஒரு புத்தகத்தை எந்த இடத்தில் நம்ப ஆரம்பிக்கிறேன் என்று கவனிக்கத் தொடங்கினேன். அநேகமாக அது முக்கியமான இடமாக இருப்பதில்லை. எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது என்று தோன்றுகிற ஏதோ ஒரு சின்ன விவரம். ஆசிரியருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. இருந்தும் அங்கே கிடக்கிறது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'வில்தான் இது முதலில் தட்டுப்பட்டது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. குண்டு வெடித்த நொடியில் ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலிருந்து புத்தகம் தொடங்குகிறது. தகரத் தொழிற்சாலையில் எழுத்தராக வேலை பார்க்கும் மிஸ் சசாகி, பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்பியிருக்கிறார். தையல்காரரின் விதவையான நகமுரா, சமையலறை ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டையே இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க இடைவெளி விட வேண்டுமே, அதற்காக. செஞ்சிலுவை மருத்துவமனையின் இளம் டாக்டர் ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கிறார். போதகர் தனிமோட்டோ ஒரு பணக்காரர் வீட்டு வாசலில் கைவண்டியிலிருந்து சாமான் இறக்கப்போகிறார். டாக்டர் ஃபுஜி தன் சொந்த மருத்துவமனையின் திண்ணையில் செய்தித்தாள் படிக்க உட்கார்கிறார். ஜெர்மானியப் பாதிரியார் கிளைன்சோர்கே கட்டிலில் சாய்ந்து, சேசு சபைப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

இவர்களில் டாக்டர் ஃபுஜியும் பாதிரியாரும் உள்ளாடையோடு இருக்கிறார்கள். கோடைக்காலம், புழுக்கம், சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறு பாத்திரங்களைக் கற்பனை செய்யும் ஒரு நாவலாசிரியர் இரண்டு பேரை உள்ளாடையோடு உட்கார வைப்பாரா? ஒருவரை வைப்பார். அதுகூட வேண்டுமென்றே இருக்கும்: மனிதனின் நிராதரவு, வெறுமை என்று ஏதாவது சொல்வதற்காக. இரண்டாவது ஆளுக்குச் சட்டை மாட்டிவிடுவார். அதைவிட வேடிக்கை, அந்த இளம் டாக்டரின் பெயரும் சசாகி. எழுத்தர் சசாகிக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆறே பேர் வரும் கதையில் இரண்டு சசாகி! நாவலாக இருந்தால் முதல் வரைவிலேயே ஒருவர் பெயர் மாறியிருக்கும்.

1946-இல் ஹெர்சி ஜப்பான் போய், உயிர் பிழைத்தவர்களோடு பேசிவிட்டு வந்து எழுதினார். 'தி நியூ யார்க்கர்' அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 இதழ் முழுவதையும் இந்த ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது. அந்த இதழின் அட்டையில் ஒரு பூங்காவில் மக்கள் ஓய்வாகப் பொழுதைக் கழிக்கும் படம். உள்ளே இது. ஹெர்சியின் உரைநடை வேண்டுமென்றே தட்டையானது. கோபம் இல்லை, கண்ணீர் இல்லை, அணு ஆயுதம் பற்றிய பிரசங்கம் இல்லை. யார் எங்கே நடந்தார், யாருக்குத் தண்ணீர் கொடுத்தார், யாரைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார் என்பது மட்டும்.

ஓரிடத்தில் மட்டும் அந்தக் குரல் பிசகுகிறது. மிஸ் சசாகியின் முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரிகள் இருந்தன. அவை சரிந்து அவருடைய கால் நசுங்கியது. அணுயுகத்தின் முதல் நொடியில் ஒரு மனித உயிரைப் புத்தகங்கள் நசுக்கின என்கிற பொருளில் ஹெர்சி ஒரு வாக்கியம் எழுதுகிறார். மிகவும் புகழ்பெற்ற வாக்கியம், பலரும் மேற்கோள் காட்டுவது. எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் சங்கடம். நடந்தது உண்மை, சந்தேகமே இல்லை. ஆனால் அதுவரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த எழுத்தாளர் அங்கே தலையை நீட்டி, 'பார்த்தீர்களா' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அந்த இரண்டு உள்ளாடைகளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். இந்தப் புத்தகத்தின் வடிவம் ஒரு நாவலிலிருந்து வந்தது. தார்ன்டன் வைல்டரின் 1927 நாவல் ஒன்றில், பெருவில் ஒரு தொங்குபாலம் அறுந்து ஐந்து பேர் இறக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பின்னோக்கிச் சொல்வதுதான் கதை. ஜப்பான் பயணத்தில் உடம்பு சரியில்லாமல் கப்பலில் படுத்திருந்தபோது ஹெர்சி அதைப் படித்திருக்கிறார். தனித்தனி மனிதர்கள், ஒரே பேரழிவு என்ற சட்டகத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற செய்திக் கட்டுரைக்கு எலும்புக்கூடு கொடுத்தது ஒரு புனைவு. இதில் எனக்கு ஏனோ அசட்டுத்தனமான ஒரு சந்தோஷம்.

இதற்கு நேர் எதிரானது ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1722-இல் வெளியிட்ட கொள்ளைநோய்ப் புத்தகம். 1665-இல் லண்டனைப் பிளேக் நோய் சூறையாடிய ஆண்டைப் பற்றியது. ஊரைவிட்டு ஓடாமல் கடைசிவரை லண்டனிலேயே இருந்த ஒரு குடிமகன் எழுதியது என்று முகப்பில் போட்டிருக்கும். கடைசியில் 'எச்.எஃப்.' என்று இரண்டு எழுத்துக் கையொப்பம். சொல்பவர் குதிரைச் சேணம் செய்து விற்கும் வியாபாரி. டீஃபோவின் பெயர் எங்கும் கிடையாது. நிஜத்தில் அந்தக் கொள்ளைநோய் வந்தபோது டீஃபோவுக்கு ஐந்து வயது இருக்கலாம். அந்தக் காலத்து வாசகர்கள் பலர் இதை உண்மையான சாட்சியம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பது படித்தால் தெரியும். புத்தகம் முழுக்கக் கணக்கு. ஒவ்வொரு வாரமும் எந்தத் தேவாலயப் பங்கில் எத்தனை சாவு என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. அந்த எண்களை டீஃபோ இட்டுக்கட்டவில்லை. லண்டனில் அப்போது வாராவாரம் அச்சிட்ட மரணப் பட்டியல்களிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த அதிகாரபூர்வக் கணக்கின்படி 1665-இல் பிளேக்கால் மட்டும் இறந்தவர்கள் 68,596 பேர். சேண வியாபாரி இதை நம்புவதில்லை. வீட்டில் பிளேக் என்று தெரிந்தால் கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து, வெளியே காவலாள் போட்டு, மொத்தக் குடும்பத்தையும் உள்ளே அடைத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து வேறு நோயின் பெயரில் சாவைப் பதிய வைத்திருக்கிறார்கள். லட்சம் பேராவது போயிருப்பார்கள் என்பது அவருடைய மதிப்பு. கொள்ளைநோய்க் காலத்துச் சாவுக் கணக்கைப் பற்றி 300 ஆண்டுக்கு முந்தைய ஒரு கற்பனைப் பாத்திரம் எழுப்பும் சந்தேகம் 2020-ஐத் தாண்டி வந்த யாருக்கும் புதிதாக இருக்காது.

ஆல்ட்கேட் தேவாலய வளாகத்தில் வெட்டிய பெருங்குழியைப் பற்றி அவர் சொல்வதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் நகர முடியவில்லை. இரண்டு வாரத்தில் அதில் 1,114 உடல்களைக் கொட்டியிருக்கிறார்கள். 1,100 இல்லை, 1,114. ஆனாலும் என்னை முழுக்க வீழ்த்தியது வேறு இடம். ஒரு முற்றத்தில் பணப்பை ஒன்று கிடக்கிறது. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் தொடவில்லை. ஒருவர் வெடிமருந்தைத் தூவிப் பற்ற வைத்து, இடுக்கியைச் செந்நிறமாகக் காய்ச்சி, பையைப் பிடித்துத் தூக்கி, அது கருகியதும் காசைத் தண்ணீர் வாளிக்குள் உதறுகிறார். உள்ளே இருந்தது சுமார் 13 ஷில்லிங், அப்புறம் சில தேய்ந்த காசுகள். தேய்ந்த காசுகளாம்! பார்க்காதவன் 13 ஷில்லிங் என்று எழுதலாம். தேய்ந்திருந்தன என்று எழுத டீஃபோ வேண்டும்.

அப்படியானால் நான் கண்டுபிடித்ததாக நினைத்த அளவுகோல் செல்லாது. உள்ளாடை நிஜத்தின் முத்திரை என்றால், அதே முத்திரையை டீஃபோ கள்ளத்தனமாகக் குத்தியிருக்கிறார். முதலில் இது தொந்தரவு செய்தது. பிறகு யோசிக்கையில், எனக்கு டீஃபோ மேல் கோபம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். சாவு எண்ணிக்கையை அவர் கற்பனை செய்திருந்தால் புத்தகத்தை மன்னித்திருக்க மாட்டேன். பணப்பையைக் கற்பனை செய்ததற்காக அவருக்குக் கைகொடுக்கத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் என்று என் வாசிப்பில் எதுவும் இல்லை போலிருக்கிறது. எண்களில் நான் கணக்குப்பிள்ளை, பைகளில் குழந்தை.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இந்த மாதத்தின் பெரிய புத்தகம். முன்பு துண்டு துண்டாகப் படித்திருந்ததை இப்போது வரிசையாகப் படித்தேன். எண்பதைத் தாண்டிய வயதில், 1940-இல் ஆனந்த விகடனில் வாராவாரம் எழுத ஆரம்பித்தது. 1942-இல் அவர் மறைந்தபோது முடியாமலே நின்றுவிட்டது. நூலாக வந்தது 1950-இல்.

எல்லோரும் சொல்லும் காட்சி சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திப்பது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த இளைஞர், ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இவர் ஆரம்பிக்கிறார்: அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. இவர் இன்னும் பெரிய நூல்களாக எடுத்து வீசுகிறார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் முதலியார் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1887-இல், சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் இந்த முறை என்னை உறுத்திய கேள்வி வேறு. 60 ஆண்டுக்கு முந்தைய உரையாடலை ஒருவர் வார்த்தைக்கு வார்த்தை எப்படி நினைவில் வைத்திருக்க முடியும்? முடியாது. அந்தப் பேச்சு நிச்சயம் பின்னால் கோத்ததுதான். மேற்கோள் குறிக்குள் வரும் எந்தச் சுயசரிதை உரையாடலும் அரை நாவல். அது தெரிந்தும் நான் அந்தக் காட்சியை முழுதாக நம்புகிறேன். காரணம் அந்தப் பட்டியல். அறிஞராகப் புகழ்பெற்றுவிட்ட ஒரு கிழவர், தான் அன்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டித் தோற்றதைச் சுருக்காமல் எழுதுகிறார். 'பல பிரபந்தங்கள் படித்திருக்கிறேன் என்றேன்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அந்த நீளத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. இளைஞனான தன்னை அவரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

புத்தகத்தின் உயிர் அதற்கும் முன்னால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த ஆண்டுகளில் இருக்கிறது. வேங்கடராமன் என்ற பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று கூப்பிட்டவர் பிள்ளைதான். அவர் வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதும் காட்சிகள் எத்தனை முறை வந்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இவர் சங்கீதம் கற்றுக்கொள்வது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிடுகிறார். இவரோ சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவர். குருவின் மேல் வைத்திருக்கும் பக்தி ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிற புத்தகத்தில் இந்தச் சின்ன இழப்பையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். குருவைப் புகழ்வதற்கு அது உதவாது. அதனாலேயே அந்தக் குரு எனக்கு மனிதராகத் தெரிந்தார்.

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்தது. 1886-இல் வந்தது. மரணத்தைப் பற்றி எழுதியதில் இதைத் தாண்டி எதுவும் இல்லை என்பார்கள். இருக்கலாம். எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது தொடக்கத்தில் வரும் துக்க விசாரிப்பு. இறந்தவரின் நண்பர் ஒரு தாழ்வான மெத்தை இருக்கையில் உட்காருகிறார். அதன் ஸ்பிரிங் கெட்டுப்போயிருக்கிறது. அவர் எழுந்தால் அதுவும் எகிறுகிறது. விதவையின் சால்வை ஓரம் மேசையில் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க இவர் எழ, கீழே ஸ்பிரிங் மறுபடி தள்ளுகிறது. இதற்கு நடுவே அந்த அம்மாள் அழுகிறாள். அழுது முடித்ததும், அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் கறக்க வழியிருக்கிறதா என்று நைசாக விசாரிக்கிறாள். கதையின் முடிவில் இவான் இலியிச் காணும் ஒளியை நான் மரியாதையோடு கடந்து போனேன். அந்த ஸ்பிரிங் விஷயத்தில் டால்ஸ்டாய் சொல்வதற்கு அப்பீலே இல்லை.

நடுவில் ஒரு பிரபலமான அபுனைவு நூலைக் கால்வாசியில் விட்டுவிட்டேன். பெயர் வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு நிஜ மனிதரின் குட்டிக் கதையோடு தொடங்கும், மூன்றாம் பக்கத்தில் அதிலிருந்து ஒரு பாடம் வரும். எல்லாம் நடந்தவைதான், சான்றுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு கதையில்கூடப் பாடத்துக்கு வேண்டாத ஒரு நாற்காலி கிடையாது. நிஜ மனிதர்களைப் பற்றிப் படிக்கிறோம் என்ற உணர்வே வரவில்லை.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் எதைச் சொன்னாலும் பெரிதுபடுத்துகிற மாதிரி ஆகிவிடும். அவரோ எதையும் பெரிதுபடுத்தாதவர். 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்து, இருபது வயதுக்குப் பிறகு சென்னைக்கு வந்தவர். நாவல் 1977-இல் வெளியானது. ஹைதராபாத் நிஜாமின் ஆட்சி முடியும் காலம், நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், வந்து குவியும் அகதிகள், 1948 செப்டம்பரில் உள்ளே நுழையும் இந்திய ராணுவம். இதெல்லாம் நடக்கும்போது கல்லூரி மாணவன் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட் கவலை. லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் அண்டை வீட்டாரோடு உரசல். சரித்திரம் அவன் நாளுக்குள் புகும்போதெல்லாம் ஏதோ ஓர் இடைஞ்சல் மாதிரிதான் புகுகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் இந்தக் கிரிக்கெட் ஒரு குறியீடு ஆகியிருக்கும். இங்கே அது கிரிக்கெட்.

அதனால்தான் கடைசிக் காட்சி அப்படித் தாக்குகிறது. கலவர இரவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடும் சந்திரசேகரன் முன்னால், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான். இதைப் படித்த ஒவ்வொரு தடவையும், இது நிஜமா என்ற கேள்வி எனக்கு வந்ததில்லை. இதே காட்சி ஒரு சுயசரிதையில் வந்திருந்தால் வந்திருக்கும். யார் அந்தப் பெண், அப்புறம் என்ன ஆனாள், இதை எழுத உனக்கு உரிமை உண்டா என்றெல்லாம் கேட்டிருப்பேன். நாவல் அந்தக் கேள்விகளை வாயடைத்துவிட்டு, ஓடுகிறவனோடு என்னையும் ஓட வைத்தது. புனைவுக்கு ஏன் போகிறோம் என்பதற்கு இந்த மாதம் கிடைத்த நேரடியான பதில் இதுதான்.

கடைசியாகப் படித்தது பிரிமோ லெவியின் 'தனிம அட்டவணை'. 1975-இல் இத்தாலிய மொழியில் வந்தது. லெவி வேதியியலாளர், ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். பெரும்பாலும் சொந்த வாழ்க்கை. ஆனால் ஈயமும் பாதரசமும் முழுக் கற்பனைக் கதைகள். நடுவில் வந்து போகின்றன. என் மாற்றி மாற்றிப் படிக்கும் ஏற்பாட்டை ஒரே புத்தகத்துக்குள் செய்து வைத்திருக்கிறார் மனிதர்.

'சீரியம்' அத்தியாயம் முகாமில் நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் லெவி பெயரில்லாத சில உலோகக் குச்சிகளைத் திருடுகிறார். கத்தியால் சுரண்டினால் பொறி பறக்கிறது: சிகரெட் லைட்டருக்கான கல் செய்யும் சீரியம் கலவை. நண்பன் ஆல்பெர்ட்டோவும் அவரும் இரவில் போர்வைக்குள் படுத்தபடி அந்தக் குச்சிகளைத் தேய்த்துச் சரியான பருமனுக்குக் கொண்டுவருகிறார்கள். பொறி பட்டுப் படுக்கை பற்றிக்கொண்டால் தூக்கு. ஒரு லைட்டர் கல்லுக்கு ஒரு நாள் ரொட்டி. 40 குச்சிகள், ஒவ்வொன்றிலும் மூன்று கற்கள், மொத்தம் 120. ஆளுக்கு இரண்டு மாத உயிர். இரண்டு மாதத்தில் ரஷ்யர்கள் வந்துவிடுவார்கள். வந்தார்கள். லெவி காய்ச்சலில் முகாமிலேயே விடப்பட்டதால் பிழைத்தார். நடக்க முடிந்த ஆல்பெர்ட்டோவை ஜெர்மானியர்கள் மற்றவர்களோடு கூட்டிச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. அந்த 120 என்ற எண்ணைத் தாண்டி அடுத்த பக்கம் திருப்ப எனக்கு நேரம் ஆயிற்று.

கடைசி அத்தியாயம் 'கார்பன்'. சுண்ணாம்புப் பாறையில் கிடந்த ஓர் அணு காற்றில் கலந்து, இலைக்குள் போய், பல உடல்களைக் கடந்து, முடிவில் ஒரு டம்ளர் பால் வழியாக லெவியின் மூளைக்குள் வந்து, காகிதத்தில் அவர் கையை ஒரு புள்ளி வைக்கச் செய்கிறது. கற்பனைதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அணுக்கள் எண்ணிலடங்காதவை என்பதால், எந்தப் பாதையைக் கற்பனை செய்தாலும் அதே பாதையில் நிஜமாகவே போன ஓர் அணு எங்காவது இருக்கும் என்கிறார். புனைவை இவ்வளவு சாமர்த்தியமாக நியாயப்படுத்தி நான் படித்ததில்லை. மனிதர்களுக்கு இது பொருந்துமா என்பதில் மட்டும் சந்தேகம். நாம் அத்தனை பேர் இல்லையே.

'ஹிரோஷிமா'வுக்கு ஹெர்சி ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, 1985-இல், ஓர் அத்தியாயம் சேர்த்தார். அந்த ஆறு பேரும் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. முதல் நான்கு அத்தியாயங்களின் இறுக்கம் இதில் இல்லை என்பார்கள், சரிதான். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். 1955-இல் போதகர் தனிமோட்டோ, தீக்காயத் தழும்புகளோடு இருந்த இளம் பெண்களைச் சிகிச்சைக்காக அமெரிக்கா அழைத்துப் போகிறார். ஏதோ ஒரு பேட்டி என்று நினைத்துத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனவரை ஒரு நேரலை நிகழ்ச்சிக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையில் வந்துபோனவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூட்டிவரும் நிகழ்ச்சி அது. அதில் ஒருவர், ஹிரோஷிமா மேல் குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி ராபர்ட் லூயிஸ். போதகர் அவரோடு கைகுலுக்குகிறார். நடுவில் நகப்பூச்சு விளம்பரமும் வருகிறது. இதை ஒரு நாவலில் படித்திருந்தால், ஆசிரியர் ரொம்பவே மிகைப்படுத்துகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருப்பேன். ஹெர்சி அந்த நகப்பூச்சையும் விடாமல் சொல்லிவிட்டு, அதே தட்டையான குரலில் மேலே போகிறார்.